அப்டேட் முடிந்ததும் ஃபைல் காணோமா? கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள்

விண்டோஸுக்கான மாதாந்திர அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்காவில் அது காலை நேரம், நமக்கு ராத்திரி பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும். ஆகவே நம்மூர் கம்ப்யூட்டர்களில் அது வந்து இறங்குவது பெரும்பாலும் புதன், வியாழன். தேதிக் கணக்கில் 9க்கும் 16க்கும் நடுவில். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர் 1 என்ற விற்பனை ரிட்டர்னைத் தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் 11. திருப்பூர் பனியன் கம்பெனி, ஈரோடு மஞ்சள் மண்டி, கரூர் ஏற்றுமதி அலுவலகம் என எங்கே பார்த்தாலும் கணக்குப் பிரிவுக்கு மூச்சுவிட நேரமில்லாத வாரம் அது. அன்றைக்குக் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் ஒன்றுமே இல்லை. நீல நிறப் படமும் குப்பைக் கூடையும் மட்டும்.

"ஏனுங்க, நேத்து சாயங்காலம் வரைக்கும் இங்கதானுங்க இருந்துச்சு" என்று பதறாத ஆளே இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்றால் பயம் இன்னும் அதிகம், தன் மேல்தான் பழி வரும் என்று நினைப்பார். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பற்றிப் பெரிதாக எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மவுஸைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போன ஃபைல்களில் பெரும்பகுதி அழிந்திருக்காது. வேறு ஃபோல்டருக்குப் போயிருக்கும், வேறு யூசர் கணக்கில் இருக்கும், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். நிரந்தரமாகப் போவது பல நேரங்களில் அதற்கு அப்புறம்தான். பதற்றத்தில் ஒருவர் டிஸ்க்கையே துடைத்து ஃபார்மேட் போடுவார், இன்னொருவர் இடம் பிடிக்கிறது என்று பழைய ஃபோல்டரை அழிப்பார். அதனால் எதைச் செய்வது என்பதற்கு முன்னால் எதைச் செய்யக் கூடாது என்று பார்த்துவிடலாம்.

முதல் அரை மணி நேரம்

புதிதாக எதையும் சேவ் செய்யாதீர்கள். டவுன்லோட் வேண்டாம். இடம் காலி செய்யும் கிளீனர் புரோகிராம் எதையும் ஓட்டாதீர்கள். "புதுசா விண்டோஸ் போட்டுடலாங்க" என்று யாராவது சொன்னால், அது எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், "முதல்ல ஃபைல் எங்க இருக்குன்னு பாத்துக்கலாங்க" என்று நிறுத்துங்கள். திரையில் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யலாமா என்று கேட்டு ஒரு பெட்டி வந்தால் கேன்சல்தான், வேறு பேச்சே இல்லை.

அடுத்து ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் கீயையும் ஈ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஃபைல் எக்ஸ்புளோரர் திறக்கும். இடது பக்கம் திஸ் பிசி. அதில் சி டிரைவ், டி டிரைவ் ஒவ்வொன்றுக்கும் கீழே எவ்வளவு இடம் காலி என்று எழுதியிருக்கும். முன்பு 200 ஜிபி நிறைந்திருந்த டிரைவ் இப்போதும் ஏறத்தாழ அப்படியே நிறைந்திருந்தால் நிம்மதியாக மூச்சு விடுங்கள், சரக்கு உள்ளேதான் இருக்கிறது. பெரிய அப்டேட் என்றால் பழைய விண்டோஸையும் சேர்த்து வைப்பதால் பிடித்த இடம் கூடவும் செய்யும். திடீரென்று 100 ஜிபி காலியாகிவிட்டது என்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்படியானால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் 'உண்மையிலேயே அழிந்திருந்தால்' என்ற இடத்துக்குப் போய்விடுங்கள்.

ஐகான்தான் மறைந்திருக்கிறதா?

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, வியூ என்பதில் போய், ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ் என்பதற்கு டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10ல் டேப்லெட் மோட் தப்பித் தவறி ஆன் ஆகியிருந்தாலும் இப்படி ஆகும். பத்து நொடி வேலை. இதிலேயே முடிந்தால் நல்லது.

எந்த யூசராக உள்ளே போயிருக்கிறீர்கள்?

இதுதான் முக்கியமான இடம், இதில் நிதானமாக நிற்க வேண்டும்.

விண்டோஸ் ஒவ்வொரு ஆளுக்கும் சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஒரு தனி ஃபோல்டர் வைத்திருக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். இந்தத் தொகுப்புக்கு யூசர் புரொஃபைல் என்று பெயர். அப்டேட் சமயத்தில் அந்தப் புரொஃபைலைச் சரியாகத் திறக்க முடியாமல் போனால், விண்டோஸ் உங்களை ஒரு தற்காலிகப் புரொஃபைலில் உட்கார வைத்துவிடும். வீட்டுப் பூட்டு திறக்கவில்லை என்று ஒரு ராத்திரி லாட்ஜில் தங்குவது போன்ற ஏற்பாடு அது. லாட்ஜ் அறையில் நீங்கள் விட்டுவிட்டு வந்ததை மறுநாள் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். தற்காலிகப் புரொஃபைலில் சேவ் செய்ததும் சைன் அவுட் ஆனதும் போய்விடும். உங்கள் பழைய பொருள் எல்லாம் பூட்டிய வீட்டுக்குள் பத்திரமாக இருக்கும்.

2020 பிப்ரவரி 11 அன்று வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் சிலருக்கு நடந்தது இதுதான். டெஸ்க்டாப் காலி, ஸ்டார்ட் மெனு புதுசு போல, டாக்குமென்ட்ஸில் ஒன்றும் இல்லை. யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தவர்கள், தங்கள் பெயரில் இருந்த ஃபோல்டரின் வாலில் புள்ளியும் மூன்று பூஜ்யமும், அல்லது புள்ளியும் பி, ஏ, கே என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். உள்ளே ஃபைல் அத்தனையும் அப்படியே இருந்தது.

நீங்களும் அதே வழியில் போங்கள். திஸ் பிசி, சி டிரைவ், யூசர்ஸ். அங்கே எத்தனை ஃபோல்டர், என்னென்ன பெயர் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பப்ளிக் என்று ஒன்று எப்போதும் இருக்கும். டெம்ப் என்று ஒன்று இருந்தால், நீங்கள் தற்காலிகப் புரொஃபைலில் இருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே போன கம்ப்யூட்டரில் ஃபோல்டரின் பெயர் உங்கள் முழுப் பெயராக இருக்காது, மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தாக இருக்கும். இது தெரியாமல் "இது யாரோடதோ" என்று அந்த ஃபோல்டரையே அழித்தவர்கள் உண்டு. ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் பாருங்கள். அனுமதி இல்லை என்று சொல்லி கன்டினியூ என்ற பட்டன் வந்தால், அது உங்கள் கம்ப்யூட்டராக இருக்கும் பட்சத்தில் அழுத்தலாம். அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் பொறுப்பானவரைக் கேட்டுவிட்டு அழுத்துங்கள்.

தற்காலிகப் புரொஃபைல்தான் என்று தெரிந்துவிட்டதா? ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து திரும்பப் போடுவது இதற்குச் சரிவராது, ரீஸ்டார்ட் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஒருமுறையில் சரியாகாவிட்டால் இரண்டு, மூன்று முறை செய்து பாருங்கள், பலருக்கு அதிலேயே பழைய புரொஃபைல் திரும்பிவிடும். அப்படியும் வரவில்லையென்றால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதில் அப்டேட் ஹிஸ்டரி, அதன் கீழே அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். கடைசியாக வந்த அப்டேட்டை அங்கே நீக்கலாம். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் மாற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். முதலில் பழைய ஃபோல்டரிலிருந்து ஃபைல்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள். கட் வேண்டாம், காப்பிதான். ஃபைல் கைக்கு வந்த பிறகு புரொஃபைலைச் சர்வீஸ் ஆள் வந்து சரிசெய்யட்டும்.

ஒன்டிரைவ் தூக்கிக்கொண்டு போனதா?

ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்டின் சேவைதான் ஒன்டிரைவ். இப்போது அதிகம் குழப்புவது இதுதான். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததும் நம் பக்கத்தில் பல கம்பெனிகள் விண்டோஸ் 11க்கு மாறின. மாறி முடிந்ததும் வரும் திரைகளில் ஒன்று, உங்கள் ஃபோல்டர்களை ஒன்டிரைவில் பேக்கப் எடுக்கலாமா என்று கேட்கும். நாம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போவோம். அதோடு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் யூசர் ஃபோல்டரில் இருந்த பழைய இடத்தை விட்டு, அதே யூசர் ஃபோல்டருக்குள் ஒன்டிரைவ் என்ற ஃபோல்டருக்குக் குடிபெயர்ந்துவிடும்.

திருப்பூரில் எம்பிராய்டரி டிசைன் போடும் ஒரு சின்ன யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிசைன் ஃபைல், பையர் அனுப்பிய படம், ஸ்டிச் கணக்கு எல்லாமே டெஸ்க்டாப்பில் கிடக்கும். 'ரோஸ் ஃபைனல்', 'ரோஸ் ஃபைனல் 2', 'ரோஸ் புதுசு' என்று அடுக்கடுக்காக. ஒன்டிரைவில் இலவசமாகத் தருவது 5 ஜிபி. அது ஒரே நாளில் நிறைந்து, இடமில்லை என்று எச்சரிக்கை வர ஆரம்பிக்கும். தொந்தரவு தாங்காமல் ஒருவர் பேக்கப்பை ஆஃப் செய்வார். உடனே டெஸ்க்டாப் வெறிச்சோடிவிடும். ஃபைல்கள் எங்கே என்று காட்டும் ஒரு ஷார்ட்கட் மட்டும் அங்கே நிற்கும், அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அந்த ஷார்ட்கட்டைத் திறக்கலாம், அல்லது எக்ஸ்புளோரரின் இடது பக்கம் இருக்கும் மேகப் படத்தைச் சொடுக்கலாம். உள்ளே டெஸ்க்டாப் என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும், ஃபைல்கள் அதில்தான். அவற்றை முதலில் வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துவிட்டு, பிறகு பழைய டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவாருங்கள்.

ஒன்டிரைவ் ஃபைல்களுக்குப் பக்கத்தில் இருக்கும் குறியைக் கவனியுங்கள். பச்சை டிக் இருந்தால் ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நீல மேகம் இருந்தால் பெயர் மட்டும்தான் இங்கே, சரக்கு இணையத்தில். நெட் இல்லாமல் அது திறக்காது. ரைட் கிளிக் செய்து எப்போதும் இந்தக் கம்ப்யூட்டரில் வைத்திரு என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் இறங்கிக்கொள்ளும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்டிரைவில் இடம் காலி செய்கிறேன் என்று அங்கிருந்து ஃபைலை அழித்தால் கம்ப்யூட்டரிலும் அழியும். இரண்டும் ஒரே ஃபைல். அப்படி அழித்துவிட்டிருந்தால் பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து அதன் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள் வரை அங்கே கிடக்கும்.

மறைந்த ஃபோல்டர்

விண்டோஸ் 11ல் எக்ஸ்புளோரரின் மேலே வியூ, அதில் ஷோ, அதில் ஹிட்டன் ஐட்டம்ஸ். விண்டோஸ் 10ல் வியூ பக்கத்திலேயே ஹிட்டன் ஐட்டம்ஸ் கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் மங்கலான நிறத்தில் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். அதன் மேல் ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், கீழே ஹிட்டன் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது என்றால் அதற்கு அப்டேட் காரணமில்லை. ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் வழியாக வந்த வைரஸ் அது. அசல் ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கும். அந்த ஷார்ட்கட்டைத் திறக்காமல், முதலில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் போட்டுவிட்டு, மேலே சொன்னபடி மறைந்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

பத்து நாள் கெடு

பெரிய அப்டேட் நடந்திருந்தால், உதாரணமாக 10லிருந்து 11க்குப் போயிருந்தால், சி டிரைவில் விண்டோஸ் டாட் ஓல்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பழைய விண்டோஸ் முழுவதையும் அதில்தான் எடுத்து வைத்திருக்கிறது. அதற்குள்ளும் ஒரு யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் டாக்குமென்ட்ஸ் என்று போய்ப் பாருங்கள். 10 நாள் கழித்து விண்டோஸ் அதைத் தானாகவே அழித்துவிடும். "அடுத்த வாரம் சாவகாசமாப் பாத்துக்கலாம்" என்று விட வேண்டாம். கும்பாபிஷேகம், கல்யாணம் என்று நாலு நாள் லீவு போட்டுவிட்டு வந்தால் கெடு பாதி போயிருக்கும்.

இடம் போதவில்லை என்று செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கம் போய் டெம்பரரி ஃபைல்ஸை அழிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தப் பட்டியலில் முந்தைய விண்டோஸ் என்று ஒன்றும் டவுன்லோட்ஸ் என்று ஒன்றும் இருக்கும். முதலாவதை டிக் செய்தால் மேலே சொன்ன ஃபோல்டர் போய்விடும். இரண்டாவதை டிக் செய்தால் உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுவதும் போகும். பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன் பிடிஎஃப், இ வே பில் எல்லாம் எங்கே கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் டவுன்லோட்ஸில்தான்.

டிரைவையே காணோம் என்றால்

டி டிரைவ் திஸ் பிசியில் தெரியவில்லை என்றால் விண்டோஸ் கீயையும் எக்ஸ் எழுத்தையும் அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். அங்கே டிரைவ் தெரிந்து, எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால், ரைட் கிளிக் செய்து ஒரு எழுத்தைக் கொடுத்தால் போதும். இனிஷியலைஸ், ஃபார்மேட் என்று எதைக் கேட்டாலும் தொடாதீர்கள்.

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. கம்ப்யூட்டர் திறக்கும்போதே நீலத் திரையில் அதன் ரெக்கவரி கீ கேட்டால் அது 48 இலக்க எண். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்த கம்ப்யூட்டர் என்றால், போனில் அந்தக் கணக்கைத் திறந்து, டிவைஸ் பகுதியில் பார்த்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். அந்த எண் இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் ஒன்றையும் படிக்க முடியாது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும் இன்றைக்கே அந்த எண்ணை எடுத்து டைரியில் எழுதி வைப்பது நல்லது.

தேடுவதற்கும் ஒரு முறை உண்டு

ஸ்டார்ட் மெனுவில் ஃபைல் பெயரை அடித்துப் பார்த்து, வரவில்லை என்றதும் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். பெரிய அப்டேட்டுக்குப் பின் விண்டோஸ் தன் தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டும். அது முடியும் வரை இருக்கிற ஃபைலும் தேடலில் வராது. அதற்குப் பதில் திஸ் பிசியைத் திறந்து, வலது பக்க மேல் கட்டத்தில் நட்சத்திரக் குறி, புள்ளி, அப்புறம் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்தை அடியுங்கள். கம்ப்யூட்டரில் உள்ள எக்செல் ஃபைல்கள் வரும். நேரம் பிடிக்கும், காத்திருங்கள். வந்ததும் தேதி வாரியாக அடுக்கச் சொன்னால் நேற்றைய ஃபைல் மேலே நிற்கும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபைல் இருக்கும் இடத்தைத் திற என்ற ஆப்ஷனைக் கொடுங்கள். எந்த ஃபோல்டருக்குள் போய் நிற்கிறதோ, மற்றவையும் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

எக்செல்லைத் திறந்து ஓப்பன் பக்கத்தில் ரீசன்ட் பட்டியலையும் பாருங்கள். ஃபைல் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அதன் முகவரி இருக்கும். பல பேர் வருடக்கணக்கில் ரீசன்ட் வழியாகவே ஃபைலைத் திறந்து பழகியிருப்பார்கள், ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றே தெரியாது. அப்டேட்டில் அந்தப் பட்டியல் காலியானால் ஃபைலே போய்விட்டதாகத் தோன்றும்.

கணக்கு எழுதும் டேலி புரோகிராமைத் திறந்து கம்பெனி பெயர் வரவில்லை என்றால் பெரும்பாலும் அது டேட்டா இருக்கும் ஃபோல்டரின் வழியைத் தொலைத்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாகக் கம்பெனி உருவாக்க வேண்டாம். எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று யூசர்ஸுக்குள் பப்ளிக்கிலும் டி டிரைவிலும் பாருங்கள். கண்டுபிடித்ததும், அந்த எண் ஃபோல்டரை வைத்திருக்கும் டேட்டா ஃபோல்டரின் வழியைக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் கொடுத்தால் போதும்.

ஃபைல் இருக்கிறது, தமிழைக் காணோம்

டிடிபி சென்டர், பிளெக்ஸ் கடை, பத்திரிகை அச்சடிக்கும் இடங்களில் இது நடக்கிறது. ஃபைல் திறக்கும், ஆனால் உள்ளே குலதெய்வக் கோயில் அழைப்பிதழ் இருந்த இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி மறுபடி டைப் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்தது அது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறை இல்லாத அந்தக் காலத்து ஃபான்ட்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் எழுத்து வரையப்பட்டிருக்கும். ஃபான்ட் இல்லையென்றால் அடியில் உள்ள ஆங்கில எழுத்து வெளியே தெரியும்.

புதிதாக விண்டோஸ் போட்டிருந்தால் ஃபான்ட் போயிருக்கும். யூசர் மாறியிருந்தாலும் இது நடக்கும். விண்டோஸ் 10ன் 2018ம் ஆண்டுப் பதிப்புகளிலிருந்து ஃபான்ட்டைச் சாதாரணமாக இன்ஸ்டால் செய்தால் அந்த ஒரு யூசருக்கு மட்டும்தான் சேரும். அதனால் திரும்பப் போடும்போது ஃபான்ட் ஃபைலில் ரைட் கிளிக் செய்து, எல்லா யூசருக்கும் இன்ஸ்டால் செய் என்ற ஆப்ஷனைக் கொடுங்கள். ஃபான்ட் ஃபைல்களை ஒரு பென் டிரைவில் தனியாக வைத்திருங்கள். பத்து, பதினைந்து வருட வேலை அவற்றை நம்பித்தான் இருக்கிறது.

போனிலும் இதே கதை

சோமனூரில் தறி ஓட்டுகிறவருக்கும் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்கும் போன்தான் கம்ப்யூட்டர். கூலிச் சீட்டும் தீவன பில்லும் வாட்ஸ்அப்பில் வந்த படமாகவே இருக்கும். 2020ல் வந்த ஆண்ட்ராய்டு 11, ஒரு ஆப்பின் ஃபோல்டரை இன்னொரு ஆப் எட்டிப் பார்ப்பதைக் கட்டுப்படுத்தியது. நம் பாதுகாப்புக்கு அது நல்லதுதான். அதன் பிறகு வாட்ஸ்அப் ஃபோல்டர் பழைய இடத்தில் இல்லை. ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் காம் டாட் வாட்ஸ்அப், அதற்குள் வாட்ஸ்அப், மறுபடி மீடியா என்று உள்ளே உள்ளே போக வேண்டும். கேலரியில் படம் தெரியாமல் இருந்தால், அந்த ஃபோல்டரில் நோமீடியா என்ற பெயரில் புள்ளியோடு தொடங்கும் ஒரு வெற்று ஃபைல் இருக்கிறதா பாருங்கள். கேலரியே இதைக் காட்டாதே என்பதுதான் அதன் வேலை. புள்ளியில் தொடங்குவது மறைந்திருக்கும் என்பதால், முதலில் ஃபைல் மேனேஜர் செட்டிங்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்ல வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் குறைவு, ஆனாலும் ஒரு வார்த்தை. 2014 மே மாதம் ஓஎஸ் எக்ஸ் 10.9.3 வந்த சமயத்தில் யூசர்ஸ் ஃபோல்டரே பலருக்கு மறைந்துபோனது. கூடவே வந்த ஐடியூன்ஸ் 11.2 செய்த கோளாறு அது, அடுத்த ஐடியூன்ஸ் திருத்தத்தில் சரியானது. ஃபைண்டரில் கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்தவை தெரியும். 2019ன் கேட்டலினாவுக்கு மாறியபோது இடம் பெயர்த்த ஃபைல்களை, யூசர்ஸுக்குள் ஷேர்ட் என்ற ஃபோல்டரில் ரீலொகேட்டட் ஐட்டம்ஸ் என்ற பெயரில் வைத்திருக்கும்.

உண்மையிலேயே அழிந்திருந்தால்

அப்டேட் ஃபைலை அழிக்கவே அழிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10ன் 1809 பதிப்பு சிலருடைய ஃபைல்களை அழித்தேவிட்டது. டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் கொஞ்சம் ஃபைல் வைத்திருந்தவர்களுக்கு வந்த வினை அது. பழைய ஃபோல்டரை வெறும் நகல் என்று கருதி அப்டேட் நீக்கிவிட்டது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வெளியிட்டது. சி டிரைவில் இடமில்லை என்று டாக்குமென்ட்ஸை டி டிரைவுக்கு மாற்றும் வழக்கம் நம் அலுவலகங்களிலும் உண்டு. அப்படி மாற்றியிருந்தால் பழைய இடத்தில் மிச்சம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழிந்தது உறுதி என்றால் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு, அதன் மேல் புதிதாக எழுதப்படாத வரை. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு குறைவு. அழித்த இடத்தை அது சீக்கிரமே உள்ளுக்குள் துடைத்துவிடும். சர்வீஸ் ஆளிடம் கொடுக்கும்போது நான்கு விஷயத்தை எழுதிக் கொடுங்கள்: எந்தத் தேதி அப்டேட் ஆனது, கடைசியாக ஃபைலை எப்போது பார்த்தீர்கள், எந்தப் பெயரில் எந்த ஃபோல்டரில் இருந்தது, அதற்குப் பின் என்னென்ன செய்தீர்கள். "டேட்டா வேணும், விண்டோஸ் போட வேண்டாம்" என்பதையும் வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்த அப்டேட்டுக்கு முன்

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ், அதாவது தற்காலிகமாக நிறுத்து, என்று ஒரு பட்டன் உண்டு. ஐந்து வாரம் வரை தள்ளிப்போடலாம். மாதம் 8ம் தேதி ஒரு வாரம், தேவைப்பட்டால் இன்னொரு வாரம் தள்ளி வைத்து, வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர் 3பி வேலை 20ம் தேதி முடிந்த பிறகு விடுங்கள். ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அந்த அப்டேட்தான், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் ஃபைல் மறைவதோடு நிற்காது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பேப்பரில் போடுவார்கள். அந்த நாளில் அப்டேட்டை ஆரம்பிக்க வேண்டாம். லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியிருக்கட்டும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் யூபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்காது என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பாதி அப்டேட்டில் கரண்ட் போவது புரொஃபைல் கெடுவதற்கு ஒரு காரணம்.

டெஸ்க்டாப்பில் வேலை ஃபைலை வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, டி டிரைவில் கம்பெனி பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். டெஸ்க்டாப்பில் அதற்கு ஒரு ஷார்ட்கட் போதும். அந்த ஃபோல்டரைச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளப் பட்டுவாடா முடிந்த கையோடு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, காப்பி எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் கம்ப்யூட்டருக்கு வரும் வைரஸ் அதற்கும் வரும். மாதம் ஒருமுறை அந்தக் காப்பியிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள், திறக்கிறதா என்று.